மாப்பிள்ளை அனுப்பி வைத்த பியானோ

பியானோ என்பது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நழுவிவிடக்கூடிய சாமான் இல்லை. நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் பக்கத்தில் நின்று "பார்த்து, பார்த்து" என்று கத்த வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று, பட்டப்பகலில், பூட்டும் கேமராவும் காவலும் உள்ள ஒரு பொருள் காப்பகத்தின் முன்வாசல் வழியாக, முறையான சீட்டோடு லாரி ஏறிப் போய்விட்டது என்பதைக் கொழுந்தனால் ஜீரணிக்க முடியவில்லை.

"திருடினவன் கேட்ல நின்னு சல்யூட்டும் வாங்கியிருப்பான் போல அண்ணி" என்றான், காரை ஓட்டிக்கொண்டே.

"வாங்கினான்" என்றாள் அண்ணி. "சல்யூட் அடிச்சவங்கதான் பின் சீட்ல உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் வாயை அடக்கு."

பின் சீட்டில் இருந்தவர் அந்தக் காப்பகத்தின் ஒப்படைப்பு கவுண்டரில் வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் கவுண்டர் அக்கா. நேற்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் போலீசில் புகார் கொடுக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். புகாரில் இருக்கப்போகும் ஒரே பெயர் கவுண்டர் அக்காவுடையது. அதனால்தான் காலையிலேயே அண்ணியைத் தேடி வந்திருந்தார்.

"சீட்டு சரியா இருந்துச்சுங்க" என்றார் அவர். காலையிலிருந்து இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, குரல் தேய்ந்திருந்தது. "சிஸ்டம்லயும் பச்சை விளக்கு. உரிமையாளர் சார்பா ஆள் வந்திருக்கார்னு போட்டிருந்துச்சு. நான் என்ன, வந்தவர் முகத்தைப் பார்த்து ஜாதகமா கணிக்க முடியும்?"

அண்ணி துப்பறியும் அலுவலகம் திறந்த நாளில், முதல் வாடிக்கையாளர் எதிரில் கொழுந்தன் 'மேடம்' என்று கூப்பிட மறந்து வழக்கம்போல 'அண்ணி' என்று கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து ஊருக்கே அவள் அண்ணிதான். பிடிபட்ட திருடர்கள்கூட "இந்த ஒரு தடவை விட்டுடுங்க அண்ணி" என்றுதான் காலில் விழுந்தார்கள். கொழுந்தன் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றவன். பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை என்ற ஒரே நம்பிக்கையில் பல வருஷம் சாப்பிட்டவன். பொடி எழுத்தையும் விடாமல் படிக்கும் ஒரே ஆளிடம் இப்போது உதவியாளனாக மாட்டிக்கொண்டது விதி என்றே நினைத்திருந்தான்.

காப்பகம் பெரிய கட்டடம். வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், விவாகரத்து முடியும்வரை சோபா யாருக்கு என்று தெரியாதவர்கள் எல்லோரும் தங்கள் சாமான்களை இங்கே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பியானோவின் சொந்தக்காரர் ஒரு பியானோ டீச்சர். புது வீடு தயாராகும்வரை வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார். வீடு தயாரானதும் வந்து பார்த்தார். பியானோ இருந்த இடத்தில் அதன் மூன்று சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன.

முதலாளி அவர்களை வரவேற்ற விதத்தில் வரவேற்பு எதுவும் இல்லை.

"இதுல துப்பறிய என்ன இருக்கு? மாப்பிள்ளை ஏதோ குழம்பிட்டாரு. இந்தம்மா கவனிக்காம விட்டுட்டாங்க. முடிஞ்சுபோச்சு."

கொழுந்தன் நிமிர்ந்தான். "உங்க மாப்பிள்ளையா? அப்போ இது குடும்ப விவகாரமாச்சே சார்!"

"எங்க வீட்டு மாப்பிள்ளை இல்லய்யா." முதலாளி மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். "ஏஐ. வாடிக்கையாளருங்க அனுப்புற மெயிலை அதுவே படிக்கும், அதுவே முடிவெடுக்கும், அதுவே வேலையை முடிக்கும். வந்த நாள்லேர்ந்து ஆபீசே அதுக்குச் சேவகம் பண்ணுது. அதனால பசங்க மாப்பிள்ளைன்னு பேர் வச்சுட்டாங்க."

"கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா சார்?"

"கொழுந்தனாரே" என்றாள் அண்ணி. அந்த 'ரே' வந்தால் அவன் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

மாப்பிள்ளையைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு புரோகிராமரிடம் இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் கழுத்தில் மாட்டிய ஹெட்போனுமாக இருந்த பெண். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவாள்.

"மாப்பிள்ளைக்குக் கை கால் கிடையாது. நாங்க அதுகிட்ட கொஞ்சம் கருவிகளைக் குடுத்திருக்கோம். பொருளைத் தேட ஒண்ணு, இடம் மாத்த ஒண்ணு, வெளிய அனுப்ப ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரும் ரெண்டு வரி விளக்கமும் இருக்கும். அது அந்த விளக்கத்தைப் படிச்சுட்டுத்தான் எப்போ எதை எடுக்கணும்னு முடிவு பண்ணும். உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. விளக்கம்தான் அதுக்கு எல்லாம்."

"அதாவது, சமையல்கட்டு டப்பா மேல ஒட்டின லேபிள் மாதிரி" என்றான் கொழுந்தன். "உப்பு டப்பாவில சர்க்கரைன்னு ஒட்டியிருந்தா, மாப்பிள்ளை காப்பியில உப்புதான் போடுவாரு."

புரோகிராமர் முதல் தடவையாகப் பெருமூச்சு விடாமல் பதில் சொன்னாள். "ஆமா. கரெக்ட். ஒரு மாசமா இதைத்தான் இவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"லேபிளெல்லாம் காட்டுங்க" என்றாள் அண்ணி.

திரையில் வரிசையாக வந்தன. கொழுந்தன் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தான்.

"'தேடு: தேடும்.' சரி. 'தேடு இரண்டு: இதுவும் தேடும்.' ஓஹோ. 'தேடு புதுசு கடைசி: இதைப் பயன்படுத்தவும்.' எதுக்குன்னு சொல்லவே இல்லையே!"

"அது நான் எழுதினது" என்றாள் புரோகிராமர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவசரத்துல."

"இது என்ன? 'உங்கள் நினைவுகளைத் தாலாட்டும் அன்பின் குளிர்ந்த அரவணைப்பு.'"

"கிடங்கு ஏசியைக் கூட்டிக் குறைக்கிற கருவி. விளம்பரப் பிரிவுத் தலைவர் எழுதினாரு. போன வாரம் ஒரு வாடிக்கையாளர், அம்மா இறந்துட்டாங்க, சாமான்களை எடுக்க வர்றேன்னு எழுதியிருந்தாரு. மாப்பிள்ளை ஆறுதல் சொல்லணும்னு நினைச்சு இதை எடுத்துடுச்சு. கிடங்குல இருந்தவங்களுக்கெல்லாம் ஜலதோஷம்."

அடுத்தது சட்ட ஆலோசகர் எழுதியது. 'இக்கருவி, பொருந்தக்கூடிய விதிகளுக்கு உட்பட்டு, தேவைப்படுமிடத்து, தேவையானவற்றைச் செய்யலாம் அல்லது செய்யாமலும் இருக்கலாம்.'

"இந்தக் கருவி என்ன பண்ணும்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"தெரியல. நாலு தடவை கேட்டுட்டேன். எழுத்து மூலமா கேள்வி அனுப்பச் சொல்றாரு."

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பட்டியலில் கீழே ஓரிடத்தில் அவள் விரல் நின்றிருந்தது. 'மாற்று ஒப்படைப்பு' என்று அதற்குப் பெயர். பியானோவை வெளியே அனுப்பியது அந்தக் கருவிதான். அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புரோகிராமரின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டாள்: உரிமையாளர் ஆள் அனுப்புவதாக மெயில் வந்ததே, அது உண்மையா என்று ஏன் அவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கவில்லை?

பதில் உடனே வந்தது. 'செய்தி அனுப்ப என்னிடம் தனிக் கருவி உண்டு. ஆனால் மாற்று ஒப்படைப்பின் விளக்கத்தில், உரிமையாளருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், இந்தக் கருவியே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. அதனால் நான் அனுப்பவில்லை.'

"நிஜமாவே அந்தக் கருவி செய்தி அனுப்புமா?" என்று அண்ணி திரும்பிக் கேட்டாள்.

புரோகிராமரின் முகம் வெளுத்தது. "இல்ல. அது வெளியில ஒரு கம்பெனி செஞ்சு குடுத்தது. கதவைத் திறக்கும், சீட்டு அடிக்கும். அவ்வளவுதான். விளக்கத்தைக் காலியா விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு நாள் பார்த்தா யாரோ நிரப்பியிருந்தாங்க. ஒருத்தராவது வேலை செஞ்சிருக்காங்களேன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

"யாரெல்லாம் நிரப்ப முடியும்?"

"பாஸ்வேர்ட் இருக்கிற எல்லாரும்."

"பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"

புரோகிராமர் சுவரைக் காட்டினாள். அங்கே அது பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

கொழுந்தன் காப்பி தேடிப் போனான். அந்தக் கட்டடத்தில் எதற்கு எந்தக் கதவு, எந்தத் தளத்தில் யார் என்று யாரைக் கேட்டாலும் "அப்படியே போங்க" என்றார்கள். எப்படியே என்பதைச் சொல்லவில்லை. ஆனால் காப்பி மெஷின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது.

'முதலில் கோப்பையை வைக்கவும். பிறகு பச்சைப் பட்டனை ஒரு முறை அழுத்தவும். சிவப்புப் பட்டன் சுத்தம் செய்வதற்கு மட்டும். அதை அழுத்தினால் வருவது காப்பி அல்ல, சோப்புத் தண்ணீர். விளக்கு மினுக்கினால் மீண்டும் அழுத்த வேண்டாம், அணையும்வரை பொறுக்கவும்.'

கொழுந்தன் அதன்படி செய்தான். காப்பி வந்தது. அன்று அந்தக் கட்டடத்தில் அவனுக்கு ஒழுங்காக நடந்த முதல் காரியம் அதுதான்.

"நல்லா வந்துச்சா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. வெள்ளைச் சட்டை, சீவிய தலை, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா. அலுவலக நிர்வாகி. கட்டடப் பராமரிப்பு, சாவி, லாரிக்காரர்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

"பிரமாதம் சார். எழுதினவருக்கு ஒரு மாலை போடணும்."

நிர்வாகி கூச்சத்தோடு சிரித்தார். "நான்தான் எழுதினேன். லிஃப்ட், ஃபயர் எக்ஸ்டிங்விஷர், பாத்ரூம் குழாய், எல்லாமே. ஒருத்தர் படிச்சுட்டு இன்னொருத்தர்கிட்ட சந்தேகம் கேட்டார்னா எனக்கு அன்னிக்குத் தூக்கம் வராது."

"அப்போ மாப்பிள்ளைக்கும் நீங்களே எழுதியிருக்கலாமே?"

"அய்யோ, எனக்குக் கம்ப்யூட்டர்னா, கரெண்ட் பில் கட்டுற வரைக்கும்தான் தெரியும். அந்தக் கருவி, அதோட விளக்கம், அதெல்லாம் நான் கண்ணால பார்த்ததில்ல. படிச்சவங்க பார்த்துக்கிறாங்க."

கொழுந்தன் திரும்பி வந்து, காப்பியை அண்ணியிடம் கொடுத்து, வந்த வழியில் கேட்டதையெல்லாம் கொட்டினான். அது அவன் பழக்கம். எது முக்கியம் என்று தெரியாததால் எதையும் விடமாட்டான்.

"நம்ம ஆள் சட்ட ஆலோசகர்தான் அண்ணி. கண்டிப்பா. செய்யலாம் அல்லது செய்யாமலும் இருக்கலாம்னு எழுதுறவன் பியானோவைத் திருடியிருக்கலாம் அல்லது திருடாமலும் இருக்கலாம்."

அண்ணி காப்பியை ஒரு வாய் குடித்தாள். "எல்லாரையும் மீட்டிங் ரூமுக்கு வரச் சொல்லு."

வெளியே மழை பிடித்திருந்தது. மீட்டிங் அறையின் நீள மேஜையைச் சுற்றி முதலாளி, விளம்பரப் பிரிவுத் தலைவர், சட்ட ஆலோசகர், புரோகிராமர், நிர்வாகி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கவுண்டர் அக்காவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, தான் நின்றுகொண்டாள். பிறகு கொழுந்தனின் குடையை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"இதை மாப்பிள்ளைக்கு ஒரு கருவியா குடுக்கப் போறோம்னு வச்சுக்குங்க. இது என்ன, எப்போ எடுக்கணும்னு அதுக்குப் புரியுற மாதிரி எழுதிக் குடுங்க."

"போலீஸ் புகார் எழுத வேண்டிய நேரத்துல குடையைப் பத்திக் கட்டுரையா?" என்றார் முதலாளி.

"நீங்களும் எழுதுங்க சார்."

எழுதினார்கள். காகிதங்களை வாங்கிக் கொழுந்தன் வாசித்தான்.

விளம்பரப் பிரிவுத் தலைவர்: 'மழையோ வெயிலோ, உங்கள் தலைக்கு மேல் ஒரு குட்டி வானம். இன்றே விரியுங்கள், வாழ்க்கையை!'

சட்ட ஆலோசகர்: 'குடை எனப்படும் இப்பொருள், மழை எனக் கருதத்தக்க சூழலில், நனைதலைக் குறைக்கக்கூடும். நனைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல.'

புரோகிராமர்: 'குடை. குடை சார்ந்த செயல்களைச் செய்யும்.'

முதலாளி: 'நல்ல குடை.'

நிர்வாகி: 'குடை பல விதங்களில் பயன்படும். தேவைக்கேற்பப் பார்த்துக்கொள்ளவும்.'

"மாப்பிள்ளை நனைஞ்சே செத்துடுவாரு" என்றான் கொழுந்தன். ஆனால் கடைசிக் காகிதத்தை வைக்கும்போது அவன் கை ஒரு கணம் தயங்கியது. ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை.

அண்ணி காகிதங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்போ பியானோவை வெளிய அனுப்பின கருவியோட விளக்கத்தைப் படிக்கிறேன். இதைப் புரோகிராமரும் நானும் தவிர இங்க யாரும் பார்த்ததில்லன்னு நினைக்கிறேன். சரிதானே?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நிர்வாகியும் ஆட்டினார்.

அண்ணி கையில் ஒரு தாளை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நீட்டி வாசித்தாள். "'உரிமையாளர் வராமல் வேறு யாரையாவது அனுப்பும்போது இதைப் பயன்படுத்தலாம்.'"

நிர்வாகி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"'எண் தவறாக இருந்தால், தோராயமாக ஒன்றை எடுத்துக்கொள்ளவும்.'"

நிர்வாகி தொண்டையைச் செருமினார். பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"'தேவையானவை: பொருளின் எண், வருபவரின் விவரங்கள் முதலியன...'"

"முதலியன இல்ல!"

குரல் அறையில் அடிபட்டுத் திரும்பியது. நிர்வாகி பாதி எழுந்திருந்தார். "முதலியனன்னு யாராவது எழுதுவாங்களா? அப்படிப் போட்டா அது பாட்டுக்கு அப்பா பேரு, ஆட்டுக்குட்டி பேருன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்! 'பொருளின் எண், வருபவரின் பெயர்.' ரெண்டே ரெண்டு. தோராயமும் கிடையாது. எண் தப்பா இருந்தா 'ஊகிக்காமல் மீண்டும் கேட்கவும்'..."

அவருக்குத் தன் குரல் அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். நின்றுவிட்டார்.

அண்ணி தாளைத் திருப்பிக் காட்டினாள். வெற்றுத் தாள். "வார்த்தை பிசகாம ஞாபகம் வச்சிருக்கீங்க சார். கண்ணாலயே பார்க்காத விளக்கத்தை."

கொழுந்தனுக்கு உறுத்தியது இப்போது பளிச்சென்று விளங்கியது. காப்பி மெஷினுக்கு அத்தனை சுத்தமாக எழுதியவர், குடைக்கு மட்டும் இப்படி மழுப்புவானேன்? மற்ற நாலு பேரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். இவர் ஒருவர்தான் மெனக்கெட்டு மோசமாக எழுதியிருக்கிறார்.

"உங்க ஆபீஸ்ல இருக்கிற விளக்கத்துல எது தப்புன்னு தேடினேன் சார்" என்று அண்ணி முதலாளியிடம் சொன்னாள். "எல்லாமே தப்பு. ஒண்ணே ஒண்ணுதான் சரியா இருந்துச்சு. எதுக்குப் பயன்படும், எப்போ எடுக்கணும், எப்போ எடுக்கக் கூடாது, என்ன குடுக்கணும், தப்பாப் போனா என்ன பண்ணணும், எல்லாம் கண்ணாடி மாதிரி. அப்பவே எனக்குச் சந்தேகம். இங்க யாரும் மாப்பிள்ளை ஒழுங்கா வேலை செய்யணும்னு கவலைப்பட்டதா தெரியல. கவலைப்பட்ட ஒருத்தருக்கு அது சொன்னபடி நடக்கணும்னு ஒரு அவசியம் இருந்திருக்கணும். அத்தனை சுத்தமான எழுத்துக்கு நடுவுல ஒரே ஒரு வரி பொய். 'தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், இந்தக் கருவியே பார்த்துக்கொள்ளும்.' மத்த வரியெல்லாம் அந்த ஒரு வரியை நம்ப வைக்கிறதுக்கு."

நிர்வாகி நாற்காலியில் சரிந்தார். உரிமையாளர் பெயரில் பொய் மெயில் போட்டதும் தான்தான், ஆளையும் லாரியையும் ஏற்பாடு செய்ததும் தான்தான் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. மைத்துனர் புதிதாக ஹோட்டல் திறந்திருக்கிறார். வரவேற்பறையில் பெரிய இடத்துக் களை வர வேண்டும் என்று மனைவி வழியாகத் தினமும் நச்சரிப்பு. பியானோ சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியதாம்.

"ஒரு நாள்கூட என் முகத்தைப் பார்த்துப் பேச உங்களுக்குக் கூசலையா சார்?" என்று கவுண்டர் அக்கா கேட்டார். "நேத்து நான் அழுதுக்கிட்டே போறப்போ, குடை எடுத்துட்டுப் போங்கம்மா, மழை வரும்னு சொன்னீங்களே."

நிர்வாகி பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். அவர் எழுத எதுவும் இல்லாத முதல் தருணம் அதுவாக இருக்கலாம்.

முதலாளி நீண்ட நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் வெடிக்கப்போகிறார் என்று கொழுந்தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். முதலாளி அண்ணியைத் தனியே கதவோரம் அழைத்துப் போனார்.

"ஒரு விஷயம். போலீஸ் வர்றதுக்குள்ள, மத்தக் கருவிகளுக்கும் அவரையே எழுதிட்டுப் போகச் சொல்ல முடியுமா?"

அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே மேஜைக்குத் திரும்பிவிட்டார்.

பியானோ இருக்கும் இடத்தை எழுதித் தரும்படி நிர்வாகியைக் கேட்டார்கள். பேனா கைக்கு வந்ததும் அவருக்கு உயிர் வந்தது. மடமடவென்று எழுதி நீட்டினார். கொழுந்தன் வாசித்தான்.

'பியானோ என் மைத்துனரின் ஹோட்டலில், பின்பக்கக் கிடங்கில் உள்ளது. இருட்டிய பிறகு மட்டும் செல்லவும். அதற்கு முன் கிடங்கு பூட்டியிருக்கும். பின்வாசல் வழியாகச் செல்லவும். முன்வாசல் வழியாகச் செல்ல வேண்டாம். வீண் பேச்சு வரும். மைத்துனருக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.'

"என்ன தெளிவு!" என்றார் முதலாளி, தன்னை மறந்து.

"சரி, இருட்டினதும் கிளம்பலாம்" என்றான் கொழுந்தன்.

"இப்பவே கிளம்பணும்" என்றாள் அண்ணி. "முன்வாசல் வழியா. அவரோட போனை வாங்கி வச்சுக்க."

"ஏன் அண்ணி, இவ்வளவு விவரமா..."

"'வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்'னு அந்த மனுஷர் எழுதினா, அங்கதான் ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

நிர்வாகி தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் புரோகிராமரும் காவலாளியும் பார்த்துக்கொள்ள, அண்ணி, கொழுந்தன், கவுண்டர் அக்கா, முதலாளி நால்வரும் வழியில் பியானோ டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பியானோவே இறங்கியதுபோல் முகம் சுளித்தார்.

ஹோட்டலின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த உடனே, எதிரிலேயே இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, நடுக்கூடத்தில். அதன் மேல் ஒரு பூந்தொட்டி. தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் பலகையில் வட்டமாகத் தேங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு ஆட்கள் அதைப் போர்த்திக் கட்டக் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று இருட்டுவதற்குள் அதை வேறு ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி நிர்வாகியிடமிருந்து முன்பே தகவல் வந்திருந்ததாம்.

"யார் நீங்க? என்ன வேணும்?" என்று மைத்துனர் ஓடி வந்தார். "இது எங்க அத்தான் ஹோட்டல் திறப்புக்குக் குடுத்த பரிசு. யாரும் தொடக் கூடாது."

"உங்க அத்தானுக்கு ரொம்பத் தாராள மனசு" என்றான் கொழுந்தன். "அடுத்தவங்க பொருள்னா இன்னும் தாராளம்."

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பூந்தொட்டியைத் தூக்கி மைத்துனரின் கையில் வைத்தார். புடவைத் தலைப்பால் தண்ணீரைத் துடைத்தார். மூடியைத் திறந்து, நின்றபடியே ஒரு கட்டையைத் தொட்டார். அவருடைய தோள் மெல்லக் குலுங்குவதைப் பார்த்து, கம்பளி விரித்தவர்கள்கூட கையை எடுத்துக்கொண்டார்கள்.

கவுண்டர் அக்காதான் முதலில் அசைந்தார். அந்த இரண்டு ஆட்களிடம் போய், எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் கனம் என்று சொல்ல ஆரம்பித்தார். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

முதலாளி பக்கத்தில் வந்து நின்று நெளிந்தார். "நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடும்மா. நடந்ததை மறந்துடு."

கவுண்டர் அக்கா நிமிர்ந்தார். "வர்றேன் சார். ஆனா என்னை நிறுத்தினதை எழுத்துல குடுத்து, நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டினீங்க. ஆபீஸ் பூரா படிச்சாங்க. என் மேல தப்பில்லன்னும் அதே மாதிரி எழுதி, அதே இடத்துல ஒட்டணும்."

"ஒட்டிடலாம். அதுக்கென்ன." முதலாளி தலையைச் சொறிந்தார். சட்ட ஆலோசகரை நினைத்துப் பார்த்தார். விளம்பரப் பிரிவுத் தலைவரை நினைத்துப் பார்த்தார். முகம் விழுந்தது. "ஆனா இதைப் படிச்சாப் புரியுற மாதிரி எழுத, இப்போ ஆபீஸ்ல ஆள் இல்லையேம்மா."

கொழுந்தனுக்கு நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. அண்ணி முந்திக்கொண்டாள். தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கவுண்டர் அக்காவிடம் நீட்டினாள்.

அவர் ஹோட்டல் வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு தாளை உருவி, பியானோவின் மூடியைத் தொடாமல், சுவரில் வைத்து எழுதினார். யோசிக்கவே இல்லை. நேற்றிலிருந்து அவருக்குள் அந்த வரி தயாராகத்தான் இருந்தது.

'கவுண்டர் அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை.'

முதலாளி படித்துப் பார்த்தார். சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.